கழித்தால் நட்டம் வருகிறதே என்ற கேள்விக்கு

வணக்கம். உங்கள் ஆய்வேட்டுக்காக 60 சிறுகடைக்காரர்களிடம் மாத விற்பனையையும் செலவையும் கேட்டுக் கழித்துப் பார்த்தபோது பலருக்கு நட்டமே வந்ததாகவும், அவர்களை நீக்கிவிட்டு வருமானத்தைப் பிள்ளைகளின் கல்வியோடு ஒப்பிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீக்க வேண்டாம். இந்த மாதம் வாங்கிய சரக்கு அடுத்த மாதம் விற்கும்போது செலவு ஒரு மாதத்திலும் வரவு இன்னொரு மாதத்திலும் விழுகிறது. கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்த பணமும், அலமாரியிலிருந்து வீட்டுக்குப் போன சோப்பும் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இலங்கையின் சிறுதொழில் செய்வோரை வைத்து டி மெல், மெக்கென்சி, வூட்ரஃப் ஆகிய பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதே சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. விற்பனையை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தே சொல்கிறார்கள் என்றும், வரவு செலவை விரிவாகக் கேட்டுக் கழிப்பதைவிட இலாபத்தை நேரடியாகக் கேட்பதே மேல் என்றும் அவர்கள் கண்டார்கள்.

ஆகவே முடிந்தால் அதே கடைகளுக்கு மீண்டும் சென்று, ‘ஆட்களின் கூலி உட்பட எல்லாச் செலவும் போக, உங்களுக்கென எடுத்துக்கொண்டதைக் கழிக்காமல், சென்ற மாதம் எவ்வளவு மிஞ்சியது?’ என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். (வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது கேட்டால் உண்மைத் தொகை வாயில் வராது.)

கல்வியைப் பொறுத்தவரை, பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, பிள்ளை வகுப்பில் இருப்பது வேறு. சென்ற வாரம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனது என்று கேளுங்கள். இந்த 60 பேரை வைத்து, பிள்ளைகளின் கல்விக்கு வருமானமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நட்டம் காட்டிய விடைகளையும் பின்னிணைப்பில் அப்படியே வையுங்கள். தேர்வாளர் அவற்றைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.