அந்தத் தங்கைக்கு நான் எழுதலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 31. இரண்டு ஆண்டுகளாகக் கடையை அடைத்த பிறகு இரவில் ஒரு வேலை பார்க்கிறேன். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் கிடைத்த, பெயர் தெரியாத உடல்களின் விவரங்களைக் காணாமல் போனவர்களின் விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அது. போன மாதம் ஒன்று பொருந்தியது. இறந்தவரின் இடது தோளில் குவாதலூப்பே மாதாவின் உருவம் பச்சை குத்தியிருக்கிறது, மேல் முன்பல்லில் வெள்ளிக் கவசம் இருக்கிறது. மெக்சிகோவில் அண்ணனைத் தேடும் ஒரு பெண் வெளியிட்ட படத்திலும் இவை இரண்டும் உள்ளன. வரைந்த முகமும் அப்படியே இருக்கிறது. அந்தத் தங்கைக்கு நேரடியாக எழுதிவிடலாமா? ‘ஊரார் எழவை வீட்டுக்குள் இழுக்காதே’ என்கிறார் என் அம்மா. 1998இல் சவூதிக்குப் போன என் சித்தப்பாவிடமிருந்து 2001க்குப் பிறகு தகவல் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

எழுத வேண்டாம். காரணங்களைப் பிறகு சொல்கிறேன். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை நீங்கள் பொறுத்திருக்க வேண்டுமே என்பதுதான் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கவலை.

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் சட்டம் சார்ந்த மருத்துவத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த அனுபவத்தை வைத்து முதலில் உங்கள் பொருத்தத்தை எடை போட்டுப் பார்க்கிறேன். குவாதலூப்பே மாதாவைப் பச்சை குத்திக்கொள்வது மெக்சிகோவில் எவ்வளவு சாதாரணம் என்றால், நம் பக்கத்து ஆண்கள் முன்கையில் ‘அம்மா’ என்று குத்திக்கொள்வது போலத்தான். வெள்ளிக் கவசமிட்ட முன்பல்லும் அங்கே அபூர்வமில்லை. வரைந்த முகத்தை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். மண்டையோட்டைப் பார்த்து வரைபவருக்குக் கன்ன எலும்பும் தாடையும் கண்குழியும் கிடைக்கும். மூக்கின் நுனி, உதடு, காது மடல், முடி எல்லாம் அவருடைய ஊகம். தெரிந்தவர் யாராவது பார்த்து நினைவுகூர வேண்டும் என்பதற்காக வரையப்படும் படம் அது. அதைப் பாஸ்போர்ட் படத்தைப் போல வைத்து ஒப்பிடக் கூடாது.

எவை கனமானவை? உயிரோடு இருக்கும்போது எடுத்த பல் எக்ஸ்ரேயும், இறந்தபின் எடுத்ததும் பொருந்துவது. நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் விளிம்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், பழைய தலை எக்ஸ்ரே ஒன்று கிடைத்தால் அதுவும் பெரிய சாட்சி. உடைந்து கூடிய எலும்பு, அறுவை சிகிச்சையில் வைத்த தகட்டின் எண், கைரேகை, டி.என்.ஏ. ஆகியவையும் அப்படியே. உங்கள் கையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. நீங்கள் கண்டுபிடித்திருப்பது கேட்கத் தகுந்த ஒரு கேள்வியை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, ஏனென்றால் நல்ல கேள்வி கிடைக்காமல்தான் பல கோப்புகள் அங்கே கிடக்கின்றன.

இனி என் வாழ்க்கையில் நடந்த ஒன்று. தொண்ணூறுகளின் நடுவில், மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த சில நாட்களில், ஆகாயத்தாமரைக்குள் சிக்கிய ஓர் ஆண் உடல் பிணவறைக்கு வந்தது. தண்ணீரில் ஊறிய முகத்தைப் பெற்றவளாலும் அடையாளம் சொல்ல முடியாது. ஆனாலும் ஓர் அம்மாள் வந்தார். இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைப் பார்த்தார், சட்டையின் கட்டத்தைப் பார்த்தார், ‘என் புள்ளதான்’ என்று விழுந்து அழுதார். காலரின் உட்புறம் தையல்கடைத் துணிச்சீட்டு இருந்தது. அதில் பாதி எழுத்து அழிந்திருந்தது. மீதியை யாரும் படிக்க முயலவில்லை, நானும் முயலவில்லை. உடலை ஒப்படைத்தோம், எரித்தார்கள். பதினாறாம் நாள் கருமாதிக்குப் பந்தல் போட்டிருந்த வீட்டுக்கு, சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போயிருந்த அந்தப் பிள்ளை பையோடு வந்து இறங்கினான்.

ஊர் சிரித்து மகிழ்ந்தது. எனக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. எரிந்தது யார்? அவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டார் பின்னால் வந்து கேட்டிருந்தால் காட்டுவதற்கு ஒரு பல்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. தவறான ஒரு பொருத்தம் இரண்டு குடும்பங்களைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரிவது ஒரு குடும்பம்தான் என்பதால் மற்றதை மறந்துவிடுகிறோம்.

நீங்கள் சொல்லும் அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 1994இல் அமெரிக்க அரசு மெக்சிகோ எல்லையோர நகரங்களில் காவலைக் கூட்டியபோது, அனுமதியின்றி எல்லை கடக்க நினைத்தவர்கள் பாலைவனத்துக்குள் தள்ளப்பட்டார்கள். டூசான் நகரிலுள்ள பீமா கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்துக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து இப்படி வந்து சேர்ந்த உடல்கள் 3,000க்கும் மேல்; அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு இன்னும் பெயர் இல்லை. அங்குள்ள வெயிலில் உடல் சில வாரங்களிலேயே எலும்பாகிவிடலாம், அல்லது தோல் பதனிட்டது போலக் காய்ந்து இறுகிவிடலாம். கழுகும் நரியினமும் எலும்புகளைச் சிதறடித்துவிடும். ஆகவே, இறந்து எத்தனை மாதம் என்ற கணிப்பு மிக அகலமாகவே இருக்கும். காய்ந்த விரல்நுனியை ரசாயனக் கரைசலில் ஊற வைத்து ரேகை எடுப்பது அங்கே வழக்கமான வேலை. இடுப்புப் பட்டையின் உட்புறம் எழுதிய தொலைபேசி எண், மடித்துத் தைத்த பணம், புனிதர் படம் ஆகியவை கிடைக்கின்றன. நம் ஊரில் வண்ணான் குறியும் தையல்கடைச் சீட்டும் பேசுவது போல அங்கே அவை பேசும். ஆனால் சட்டைப் பையில் அடையாள அட்டை இருந்தாலும் அந்த அலுவலகத்தார் உடனே நம்புவதில்லை, ஏனெனில் வேறொருவர் அட்டையோடு எல்லை கடப்பவர்கள் உண்டு. அட்டையையே நம்பாத இடத்தில் பச்சைக் குத்தை வைத்து முடிவு கட்ட முடியுமா?

நீங்கள் என்னிடம் எதிர்வாதம் செய்யக்கூடும். கென்டக்கியில் 1968இல் கூடாரத் துணியில் சுற்றிக் கிடந்த பெண்ணுக்கு முப்பது ஆண்டுகள் கழித்துப் பெயர் கொடுத்தவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிதானே, அவர் இறந்தவளின் சகோதரிக்கு நேராகத்தானே எழுதினார் என்பீர்கள். உண்மை. அந்தச் செய்தியைப் படித்தபோது நானும் வியந்தேன். 16 முதல் 19 வயது என்று வல்லுநர்கள் கணித்திருந்த அவளுக்கு உண்மையில் 24 வயது. வயதைப் பார்த்து ஒதுக்காமல் விட்டது அவருடைய திறமை. ஆனால் அது 1998. தேட ஒரு பொதுப் பட்டியலும் இல்லை, சொல்ல ஒரு வழியும் இல்லை. சவக்குழியைத் தோண்டி டி.என்.ஏ. பார்த்த பிறகுதான் பெயர் உறுதியானது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இன்று, காணாமல் போனவர்களுக்கும் பெயர் தெரியாத உடல்களுக்குமாக அமெரிக்க நீதித் துறை 2007இல் தொடங்கிய ‘நேமஸ்’ என்ற தரவுத்தளம் யாரும் தேடும்படி திறந்திருக்கிறது. ‘டோ நெட்வொர்க்’ என்ற தன்னார்வலர் அமைப்பிலும், உறுப்பினர் ஒருவர் சொல்லும் பொருத்தத்தைக் குழு ஒன்று சலித்த பின்புதான் விசாரணை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். வழி இருக்கும்போது வேலி தாண்டுவானேன்?

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பிள்ளையைத் தொலைத்த அந்த எல்லையோரக் குடும்பங்களுக்கு, ‘உங்கள் ஆள் எங்களிடம் இருக்கிறார், பணம் அனுப்புங்கள்’ என்று மோசடிக்காரர்கள் அழைப்பது வாடிக்கை. இந்தியாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் இறந்தவரின் படத்தோடு செய்தி அனுப்பினால், அந்தப் பெண் உங்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பாள்?

ஆகவே செய்ய வேண்டியது இது. அந்த மெக்சிகோ இளைஞர் கடைசியாக உயிரோடு காணப்பட்ட நாளை முதலில் பாருங்கள். பாலைவனத்தில் உடல் கிடைத்த நாளுக்குப் பிறகு அவர் யாருடனாவது பேசியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அடுத்து, நேமஸ் பக்கத்தில் ‘இவர் அல்லர்’ என்று ஏற்கெனவே விலக்கப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கும். அவற்றில் இவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டையும் தாண்டினால், அந்தப் பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும் அலுவலகத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இறந்தவரின் கோப்பு எண், காணாமல் போனவரைப் பற்றிய தகவல் எங்கே உள்ளது, எவை பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்பது ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பொருந்தாததை எழுதும் பகுதியைத்தான் அவர்கள் முதலில் படிப்பார்கள். உயரத்தில் நாலு அங்குலம் வித்தியாசம் இருந்தால் அதை மறைக்காதீர்கள். அனுப்பிய பிறகு வாரந்தோறும் நினைவூட்டக் கூடாது. பதிலே வராமலும் போகலாம், ஏனெனில் முடிவைக் குடும்பத்துக்குத்தான் சொல்வார்கள், உங்களுக்குச் சொல்ல அவர்களுக்குக் கடமையில்லை. அதைத் தாங்க முடியாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

விலக்கப்பட்டவர் பட்டியலைப் பார்க்கச் சொன்னேனே தவிர, அதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. 1960 ஜூலை 31 அன்று அரிசோனாவில் காங்கிரஸ் என்ற சிற்றூருக்கு அருகே, கல் பொறுக்கப் போன ஒரு பள்ளி ஆசிரியர் மணலில் ஒரு சிறுமியின் உடலைக் கண்டார். பத்து நாட்களுக்கு முன் நியூ மெக்சிகோவில் கடத்தப்பட்ட நாலு வயதுக் குழந்தையாக இருக்குமோ என்று அப்போதே பார்த்து, வயதும் உடையும் ஒத்துவரவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். 2022 மார்ச்சில் டி.என்.ஏ. சொன்னது: அவளேதான். ஏறக்குறைய 62 ஆண்டுகள் ‘யாருமற்ற சிறுமி’ என்ற பெயரிலேயே இருந்தாள். எப்படி விலக்கினார்கள், வயதை வைத்தா, பல்லை வைத்தா, டி.என்.ஏ.வை வைத்தா என்று கேட்கத் தெரிந்தவருக்கு அந்தப் பட்டியல் இரட்டிப்புப் பயன் தரும்.

உங்கள் அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். அவர் கோபப்படுவது நியாயம்தான், மகன் இரவெல்லாம் செத்தவர் முகம் பார்த்தால் எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கும். பத்தரை மணிக்கு மேல் பார்ப்பதில்லை என்று ஒரு கணக்கு வையுங்கள். ஆனால் ஊரார் எழவு என்பதை நான் ஏற்க மாட்டேன். 2019 ஜூனில், தாய் தண்ணீர் தேடிப் போயிருந்த நேரத்தில், அதே அரிசோனாவில் லூக்வில் அருகே வெயிலில் இறந்த ஆறு வயதுக் குழந்தை நம் நாட்டிலிருந்து போனவள். 2004 டிசம்பரில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டபோது, யார் யாரென்று தெரியாமலே எத்தனை பேரைக் குழியில் இறக்கினோம் என்பதை உங்கள் அம்மாவும் பார்த்திருப்பார். பாலை வழியில் மாண்ட வழிப்போக்கர் மேல் கற்களைக் குவித்து மூடிய பதுக்கைகளைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன; அந்தக் கற்குவியல்களுக்கும் பெயர் கிடையாது.

கடைசியாக, சம்பந்தமில்லை என்று நீங்கள் எழுதிய வரி. தம்பி, உங்கள் சித்தி இன்னும் பூவும் பொட்டும் வைத்திருக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஏழாண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக எந்தப் பெண்ணும் காலண்டரைப் பார்த்துத் தாலியைக் கழற்றுவதில்லை. முகம் தெரியாத ஒருவர் உங்கள் சித்திக்கு, ‘ரியாத் பக்கம் ஓர் உடலில் உங்கள் கணவருக்கு இருந்தது போல ஒரு மச்சம்’ என்று எழுதினால் அவர் அன்றிரவு என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். மெக்சிகோவின் அந்தத் தங்கைக்கும் அதுதான்.

சித்தப்பாவுக்கும் ஒரு கோப்பு வேண்டும். பாஸ்போர்ட் நகல், அனுப்பிய ஏஜென்ட்டின் பெயர், கடைசிக் கடிதத்தின் உறை ஆகியவற்றைத் திரட்டி, வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும், சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்திலும் பதிவு செய்யுங்கள். காணாமல் போனவர்களின் உறவினர் டி.என்.ஏ.வைச் சேமித்து வைக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் உங்கள் அப்பா அவருடைய கூடப்பிறந்தவர் அல்லவா? தேவைப்படும்போது யாருடைய மாதிரி உதவும் என்று அந்தக் கோப்பில் எழுதி வையுங்கள். உடைந்த எலும்பு, விழுந்த பல், சட்டை தைத்த கடை, எப்போதாவது எடுத்த எக்ஸ்ரே ஆகியவை சித்திக்குத்தான் தெரியும். தீபாவளி, பொங்கல் நாட்களில் கேட்காதீர்கள். ஒரு மத்தியானம், அவர் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ‘சித்தப்பாவுக்கு எந்தப் பல் விழுந்திருந்தது’ என்று வேண்டாம், ‘எந்தப் பல் விழுந்திருக்கு சித்தி’ என்று கேளுங்கள்.