இரும்பு ஊசி போதுமா, ரெண்டும் கலந்த ஊசி வாங்க வேண்டுமா?

கேள்வி: பிறந்த பன்றிக்குட்டிகளுக்கு இதுவரை இரும்பு ஊசி மட்டும்தான் போட்டு வருகிறேன். இப்போது இரும்பும், காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கான மருந்தும் கலந்த ஊசி வந்திருக்கிறது, அதையே வாங்குங்கள் என்கிறார் விற்பவர். விலை கூடுதல். இன்னொருவரோ தாய்ப்பன்றிக்குத் தீவனத்தில் இரும்பைக் கூட்டினால் ஊசியே தேவையில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டாமவர் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். குட்டி பிறக்கும்போது உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்புதான் இருக்கும், அது வளரும் வேகத்துக்குத் தினம் 7 மில்லிகிராமாவது வேண்டும், தாய்ப்பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம் அளவுதான். தாய்க்கு எவ்வளவு கொட்டினாலும் பாலில் பெரிதாக ஏறாது. மண்ணைக் கிளறித் தின்னும் குட்டிகளுக்குக் கொஞ்சம் கிடைக்கும், சிமென்ட் தரையில் வளர்பவைக்கு அதுவும் இல்லை. ஆக, முதல் சில நாட்களுக்குள் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி கட்டாயம். வாங்கும்போது பாட்டில் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று லேபிளில் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 100 உள்ளதும் 200 உள்ளதும் ஒரே விலை ஆகாது.

கலந்த ஊசி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கொட்டிலில் காக்சிடியா இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோழி வளர்த்தவர்கள் இதை ரத்தக்கழிச்சல் என்றே நினைத்திருப்பார்கள், பன்றிக்குட்டியில் ரத்தம் வராது, அதனாலேயே பலர் கோட்டை விடுகிறார்கள். 7 முதல் 14 நாள் வயதில் மஞ்சளாகப் பசை போலக் கழிச்சல், ஆன்டிபயாடிக் கொடுத்தும் நிற்காமல், சாவு குறைவாக ஆனால் எடை மட்டும் ஏறாமல் இருந்தால் சந்தேகப்படலாம். இரண்டு மூன்று ஈற்றின் சாணத்தைக் கால்நடை மருத்துவரிடம் பரிசோதித்துவிடுங்கள். இல்லை என்று வந்தால் சாதாரண இரும்பு ஊசியே போதும், கூடுதல் காசு வீண்.

இருக்கிறது என்றால் கலந்த ஊசி நல்ல வசதிதான். கலந்த ஊசி வாங்காவிட்டால், அதில் சேர்ந்திருக்கும் காக்சிடியா மருந்தான டோல்ட்ராசுரிலை 3 முதல் 5 நாள் வயதில் வாய்வழியாக, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று தனியாக ஊற்ற வேண்டும், குட்டி பாதியைத் துப்பிவிடும், இன்னொரு முறை பிடித்துத் தூக்க வேண்டும். (அந்தக் கத்தலைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.) ஆனால் எதுவானாலும் கழிச்சல் வந்தபின் கொடுத்துப் பெரிய பலனில்லை, குடல் அதற்குள் கெட்டிருக்கும். கலந்த ஊசி எல்லாக் குட்டிக்கும் ஒரே அளவு, அதனால் ரொம்பச் சின்னக் குட்டிகளுக்குப் போடுமுன் லேபிளில் குறைந்தபட்ச எடையைப் பாருங்கள்.

ஊசி கழுத்தில்தான், தொடையில் வேண்டாம், கறியில் கறை நிற்கும். ஒவ்வொரு ஈற்றுக்கும் புது ஊசிமுனை. கொட்டிலை மட்டும் மறந்துவிட்டு மருந்தையே நம்பினால் வருஷம் முழுக்க வாங்கிக்கொண்டே இருப்பீர்கள், காக்சிடியா முட்டை பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கு அசையாது. சாணத்தைச் சுத்தமாக வழித்து, வெந்நீராவி அடித்து, நன்றாகக் காயவிட்ட பிறகே அடுத்த தாயை ஏற்றுங்கள்.

அப்புறம் ஒன்று, சின்ன வயதிலேயே கறிக்கு விற்பவர் என்றால் கலந்த ஊசியை யோசித்து வாங்குங்கள். மருந்து போட்டபின் இறைச்சிக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று பெட்டியில் இருக்கும், டோல்ட்ராசுரிலுக்கு அது இரண்டு மாதத்துக்கும் மேல்.