எட்டு போட்டு நடந்தும் சர்க்கரை இறங்கவில்லையே, ஏன்?

கேள்வி: வயது 54. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். ஆறு மாதமாகத் தினமும் விடியற்காலையில் 40 நிமிடம் மொட்டை மாடியில் வெறுங்காலோடு எட்டு போட்டு நடக்கிறேன். ஆனாலும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 240-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. நடைக்குப் பலனே இல்லையா?

பதில்: நடையில் குறையில்லை. வேகமும் நேரமும்தான் சரியில்லை என்று தோன்றுகிறது.

லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்வது, மெதுவாகப் போகும்போதும் வண்டி கைக்கு அடங்குகிறதா என்று பார்க்கத்தான். மாடியில் போடும் எட்டும் அப்படியே. நாலைந்து தப்படிக்கு ஒரு திருப்பம் வரும், வேகம் விழும். வயதானவர்கள் தடுமாறாமல் திரும்பப் பழக அது நல்லது. சர்க்கரையை இறக்க அந்த வடிவத்துக்கெனத் தனிச் சக்தி கிடையாது. நேரான தெருவுக்கு வந்துவிடுங்கள். வழியில்லையென்றால் மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சுற்றுங்கள்.

15 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100. விறுவிறுப்பான நடை அங்கேதான் தொடங்குகிறது. அந்த வேகத்தில் பேச முடியும், பாட முடியாது.

அடுத்தது நேரம். தொடையும் கெண்டைக்காலும் சுருங்கி விரியும்போது, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. அப்படியானால் சர்க்கரை ஏறும் வேளையில் நடப்பதுதானே கணக்கு? ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, பத்தே முதியவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தபோது, இரவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை, ஒரே மூச்சாக 45 நிமிடம் நடந்ததைவிட நன்றாகக் குறைந்தது. உங்கள் 40 நிமிடத்தையும் மூன்றாகப் பிரியுங்கள். சாப்பிட்டு அரை மணிக்குள் கிளம்புங்கள். மூன்று வேளையும் முடியாவிட்டால் இரவு நடையை மட்டுமாவது விடாதீர்கள். டிபனை முடித்துவிட்டு சீரியல் முன்னால் சாய்கிற வேளை அதுதான். நடையின் பலன் ஓரிரு நாள்தான் நிற்கும், அதனால் தொடர்ந்து இரண்டு நாள் இடைவெளி விட வேண்டாம்.

கிளிமிபிரைடு சாப்பிடுவதால் ஓர் எச்சரிக்கை: மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வேகநடை கூடாது. கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். இது அடிக்கடி நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர் மாற்றட்டும். நடக்கையில் நெஞ்சில் அழுத்தம் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வெறுங்கால் நடையை இன்றோடு நிறுத்துங்கள். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனால் கல் குத்தியதுகூடத் தெரியாது, புண் ஆழமான பிறகுதான் தெரியும். விரல்களை நெரிக்காத ஷூ, பருத்திக் காலுறை, இரவில் உள்ளங்காலைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி போதும்.

பலன் தெரிய மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். அதுவரை பொறுக்க முடியாதென்றால், ஒருநாள் இரவு நான்கு இட்லி, அதே சட்னி, நடை இல்லை. மறுநாள் அதே நான்கு இட்லி, நடையோடு. முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து, இரண்டு நாளும் குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள்.