காலையில் கிளம்பிப் பழவேற்காடு, மாலையில் வீடு: கேள்வி பதில்

வடசென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குப் போய் அதே நாளில் திரும்புவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் டிராவல்ஸ் வேன் ஓட்டுகிறேன், வடக்கே போகும் சாலைகள் எனக்குப் பழக்கம். எனக்குத் தெரிந்த அளவுக்குப் பதில் சொல்கிறேன். நீளமான கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

திருவொற்றியூர்: அண்ணா, குடும்பத்தோடு நாலு பேர், சொந்தக் கார். எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்? எந்த வழி?

காலை ஐந்தரைக்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும். ஐந்தரைக்கு எழுந்திருப்பது இல்லை தம்பி, நகர்வது.

உங்கள் வீட்டிலிருந்து மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். அந்தத் தூரத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், அனல்மின் நிலையம், மணலி ஆலைகள் என எல்லாவற்றுக்கும் போகிற கன்டெய்னர் வண்டிகளும் டேங்கர்களும் இதே பக்கம்தான் ஓடுகின்றன. விடியற்காலையில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிகிற பாதை, ஒன்பது மணிக்குக் கிளம்பினால் இரண்டரை மணி நேரம் இழுக்கும். கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மணியை வைத்துப் போடுங்கள்.

ஏழு மணிக்கு ஊருக்குள் போய்விட்டால் மீன் இறங்குகிற நேரத்தைப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் டச்சுக் கல்லறை, கோயில், பள்ளிவாசல். அப்புறம் ஏரிக்கரை. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, இரண்டரைக்குத் திரும்பிவிடுங்கள். வரும்போது பொன்னேரியிலிருந்து தச்சூர் கூட்டு ரோடு போய்ப் பெரிய சாலையைப் பிடித்துச் செங்குன்றம், மாதவரம் வழியாக வாருங்கள். போக மீஞ்சூர், வர தச்சூர். இதுதான் என் கணக்கு.

இன்னொன்று. வழியில் டிரெய்லர் வண்டிக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கவே நிற்காதீர்கள். அது திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்தப் பக்கம் நிற்பவர் டிரைவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

பழைய வண்ணாரப்பேட்டை: பசங்க படகில் போகணும் என்கிறார்கள். எவ்வளவு கேட்பார்கள்?

விலை சொல்லமாட்டேன். ஏற்றாதீர்கள்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போன குடும்பங்கள் ஒரே படகில் ஏறி, படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அது மீன் பிடிக்கிற படகு. வலையும் நாலு ஆளும் ஏறுகிற அளவுக்குக் கட்டியது. அதில் இருபது பேரை ஏற்றி, ஒருவர் எழுந்து நின்று போட்டோ எடுத்தால் போதும். முகத்துவாரம் பக்கம் ஏரித் தண்ணீரும் கடலும் ஒன்றையொன்று இழுக்கும். மேலே பார்த்தால் அமைதியாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகும் கரையில் நின்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் உங்கள் பிள்ளையை ஏற்ற நான் வழி சொல்லமாட்டேன். கடலில் குளிப்பதற்கும் இதே பதில்தான். காலை நனைத்துக்கொள்ளுங்கள், போதும்.

காசிமேடு: எங்களுக்கு வீட்டு வாசலிலேயே மீன். அங்கே போய் வாங்க என்ன இருக்கிறது?

கடல் மீனுக்காகப் போகாதீர்கள். ஏரி நண்டு, ஏரி இறால், மடவை, இந்த மூன்றுக்காகப் போங்கள். உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த ஏரியில் வளர்ந்ததன் ருசியே வேறு, காசிமேட்டுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நண்டைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமாக இருப்பதை எடுங்கள். தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வாங்குவதைக் காலையில் வாங்கி, ஐஸில் வைத்துவிட்டு ஊரைச் சுற்றுங்கள்.

கொடுங்கையூர்: பூநாரை பார்க்கப் பழவேற்காடு போனோம், ஒன்றுகூட இல்லை. ஏமாற்றமாகப் போய்விட்டது.

எந்த மாதம் போனீர்கள் என்று சொல்லவில்லையே. நவம்பரிலிருந்து பிப்ரவரி, மிஞ்சினால் மார்ச் வரைதான் பறவைகள் நிறைய இருக்கும். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தது. அதன் பெரும்பகுதி ஆந்திரா பக்கம். நாம் பழவேற்காட்டில் நின்று பார்ப்பது தெற்கு முனை, தண்ணீர் கடலோடு சேர்கிற இடம். பூநாரைக்குத் தேவை முழங்காலளவு தண்ணீரும் சேறும்.

பறவைதான் நோக்கம் என்றால் சூலூர்பேட்டை போங்கள். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா தாண்டினால் சூலூர்பேட்டை. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலை ஏரியின் நடுவிலேயே போகும். இருபுறமும் தண்ணீர். வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்காமல், ஹாரன் அடிக்காமல் பார்க்கலாம். ஒரு தொலைநோக்கி இருந்தால் நல்லது. ராக்கெட் தளத்தின் வாயிலுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும், உள்ளே அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். கூழைக்கடாவும் பார்க்க வேண்டுமென்றால் சூலூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு சரணாலயம் இருக்கிறது. ஆனால் பழவேற்காடு, சூலூர்பேட்டை, நேலப்பட்டு மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளுக்கு ஒன்று.

ராயபுரம்: காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் போதுமா?

போதாது. முதல் பதிலைப் படியுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை, கல்லூரி மாணவி: அண்ணா, பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது என்ன மிச்சம் இருக்கிறது? போய்ப் பார்க்கிற அளவுக்கு இருக்கிறதா?

நல்ல கேள்வி தங்கச்சி. வேனில் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்காமலே நண்டு சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் அங்கே ஒரு கோட்டை கட்டியது, பெயர் கெல்டிரியா. நம்முடைய புனித ஜார்ஜ் கோட்டைக்கு 20 வருஷத்துக்கும் மேல் மூத்தது. 1690இல் தலைமை இடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காடுதான் தலைநகர். இங்கிருந்து துணி போனது, இங்கேயே வெடிமருந்து செய்தார்கள். மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். அதையும் சேர்த்து நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் நில்லுங்கள்.

கோட்டையில் இன்று பார்க்க ஒன்றும் இல்லை. புதரும் மேடும்தான். ஆனால் கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது, தொல்லியல் துறை காக்கிறது. வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகளில் டச்சு எழுத்து, குடும்பச் சின்னம், பூ வேலைப்பாடு. அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பூட்டியிருந்தால் பக்கத்தில் கேளுங்கள், காவலர் வந்து திறப்பார். கற்கள் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், அவை சமாதிகள்.

அங்கிருந்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். ராமாயணக் காட்சிகளை உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் செதுக்கியிருக்கிறார்கள். பள்ளிவாசலில் நிழல் கடிகாரம் ஒன்று உண்டு, தொழுகை நேரம் இல்லாதபோது அனுமதி கேட்டுப் பாருங்கள். அந்த ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் முடைகிற கூடைகளையும் கேட்டு வாங்குங்கள்.

விம்கோ நகர்: வண்டி இல்லை. பேருந்து, ரயில்?

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பேருந்து. காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். திரும்புகிற பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனே நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள். உண்மையைச் சொன்னால் ஒற்றை ஆளுக்கு இதுதான் நல்ல வழி, லாரித் தொல்லையே இல்லை.

மணலி புதுநகர்: போக மீஞ்சூர், வர தச்சூர் என்கிறீர்கள். நான் தினமும் பொன்னேரிக்கு வேலைக்குப் போகிறவன். தச்சூர் சுற்றுவது வீண். டோல் வேறு. நாங்கள் போகவர மீஞ்சூர்தான்.

நீங்கள் தினமும் போகிறீர்கள், எந்தத் திருப்பத்தில் எந்த லாரி நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் போகிற குடும்பத்துக்கு. தச்சூர் வழி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடுதல், நல்லூரில் சுங்கமும் உண்டு. ஆனால் ஆறு வழிச் சாலை, நடுவில் தடுப்பு. எதிரே வருகிற வண்டியின் விளக்கு கண்ணைக் கூச வைக்காது.

மாதவரம்: அவர் சொல்வதுதான் சரி. மாலையில் மாதவரம் ரவுண்டானாவில் மாட்டிப் பாருங்கள், டோல் கட்டியதும் வீண், டீசலும் வீண்.

அதனால்தான் இரண்டரைக்கே கிளம்பச் சொன்னேன். நாலு மணிக்கு முன் மாதவரம் தாண்டிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆறு மணிக்கு வந்து சேர்ந்தால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

எண்ணூர்: இரண்டு பேரும் எங்கள் வழியை மறந்துவிட்டீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வந்து, அத்திப்பட்டு வழியாக மீஞ்சூர். கடலைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

எண்ணூர்க்காரருக்கு அது வீட்டு வழி, போங்கள். மற்றவர்களுக்குச் சொல்லமாட்டேன். துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போகிற வண்டிகளோடு சேர்ந்தே போக வேண்டியிருக்கும். சாம்பல் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் பைக்கில் போனால் கண் திறக்க முடியாது.

மணலி புதுநகர்: இரவில்கூட மீஞ்சூர் சாலையில் நான் பத்திரமாகத்தான் வருகிறேன்.

பத்திரமாக வாருங்கள், அதுதான் எனக்கும் வேண்டும். ஆனால் பாதையின் தன்மையைச் சொல்லியாக வேண்டும். இருட்டிய பிறகு ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கிற டிரெய்லர், நடுவில் படுத்திருக்கிற மாடு, இந்த இரண்டுக்கும் உங்கள் பழக்கம் உதவாது, வெளிச்சம்தான் உதவும். புதிதாகப் போகிறவரை அந்த நேரத்தில் அந்தச் சாலைக்கு நான் அனுப்பமாட்டேன். ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: ஞாயிறு மதியம் மூன்று மணிக்குள் திரும்புகிறவர் மீஞ்சூர் வழியிலேயே வரலாம். லாரி இருக்கும், ஆனால் நகரும்.

ஆவடி: இவ்வளவு சண்டையில் எங்களுக்கு எந்த வழி என்று யாரும் சொல்லவில்லையே?

உங்களுக்குச் சண்டையே இல்லை. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறுங்கள், நேரே மீஞ்சூர் பக்கம் கொண்டுபோய் விடும். வண்டலூரிலிருந்து வருகிறவர்களுக்கும் அதுதான்.

கொருக்குப்பேட்டை: மீஞ்சூரா, தச்சூரா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

போக மீஞ்சூர், வர தச்சூர்.

தண்டையார்பேட்டை: எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் போகலாமா?

போக வர நூறு கிலோமீட்டர், ஊருக்குள் சுற்றுவது தனி. கம்பெனி சொல்கிற தூரத்தை நம்பாதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து உங்கள் வண்டி நிஜமாக எவ்வளவு ஓடுகிறதோ அதைப் பாருங்கள். நூற்றிருபதுக்குக் கீழே என்றால் வேண்டாம். பெட்ரோல் வண்டிக்காரர்கள் பொன்னேரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி: வரும் வழியில் சிறுவாபுரி முருகனையும் பார்த்துவிடலாமா?

தச்சூர் வழியில் வந்தால் தாராளமாகப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய் வருகிறவர்கள் கூட்டம் சாலைவரை நிற்கும். நடை திறக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்: சூலூர்பேட்டைக்குச் சொந்தக் காரில் போனால் பர்மிட் வேண்டுமா?

வெள்ளை போர்டு சொந்த வண்டிக்கு வேண்டாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் கையில் இருக்கட்டும். வாடகை வண்டி என்றால் ஆந்திரா பர்மிட் போட்டாயிற்றா என்று டிரைவரிடம் முதல் நாளே கேளுங்கள். அங்கே பெட்ரோல் விலை அதிகம், இந்தப் பக்கமே டேங்கை நிரப்புங்கள்.

எருக்கஞ்சேரி: தடா அருவி?

அது காட்டுப் பாதை, என் பாதை இல்லை. ஆந்திர வனத்துறையிடம் கேளுங்கள்.

சாத்தாங்காடு: அண்ணா, படகுக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர்தான், பத்துப் பேர்தான். அப்போது போகலாமா?

தம்பி, மேலே சொன்னது தெரிந்தவர், தெரியாதவர் பற்றி இல்லை. உயிர்காப்புச் சட்டை பத்துப் பேருக்கும் இருக்கிறதா? அது பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள படகா? இரண்டுக்கும் "ஆமாம்" வராதவரை போகாதீர்கள். படகு பற்றி இனி யார் கேட்டாலும் இதே பதில்தான்.

மூலக்கடை: நவம்பர் கடைசியில் போகிறோம். மழை?

பறவைக்கு நல்ல காலம், சாலைக்குக் கெட்ட காலம். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாற்றில் தண்ணீர் வரும். அந்த ஆறு பொன்னேரியை ஒட்டித்தான் ஏரிக்குப் போகிறது. நம்மூரில் மழை விட்டுவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். முந்தின நாள் செய்தியில் பிச்சாட்டூர் பெயர் அடிபட்டால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். புயல் எச்சரிக்கை என்றால் கேட்கவே வேண்டாம்.

எர்ணாவூர்: அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. கூட்டிப்போகலாமா? பெண்களுக்குக் கழிப்பறை வசதி எப்படி?

கூட்டிப்போங்கள். கல்லறையும் கோயிலும் சமதரைதான், அதிகம் நடக்க வேண்டாம். ஏரிக்கரையில் மணலில் மட்டும் இறக்காதீர்கள். கழிப்பறைக்குப் பொன்னேரியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்துங்கள். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, அம்மா கேட்காவிட்டாலும் நிறுத்துங்கள். பல அம்மாக்கள் இதை நினைத்தே வழியெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், சர்க்கரை இருப்பவருக்கு அது ஆகாது. சாப்பாட்டை இழுத்தடிக்காமல் பன்னிரண்டரைக்கே முடியுங்கள், மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். ஐந்தரை என்று சொன்னேனே, உங்கள் வண்டி ஆறு மணிக்குக் கிளம்பினாலும் பரவாயில்லை, அம்மா காலை ஆகாரம் முடித்துவிட்டு ஏறட்டும்.