ரோபோவுக்கு ராணியின் சந்தையில் இடம் உண்டா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறோம். எதிர்வீட்டு அமெரிக்க அம்மா வருஷாவருஷம் டெக்சஸ் ரெனசான்ஸ் ஃபெஸ்டிவலுக்கு, அதாவது நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பியச் சந்தையை வேஷம் கட்டி நடத்தும் திருவிழாவுக்கு, போகிறவர், உடையைக்கூடத் தானே தைத்துக்கொள்வார். இந்த அக்டோபரில் எங்களையும் கூப்பிட்டிருக்கிறார். என் கணவருக்கு ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடர் என்றால் உயிர், அந்த நீலச் சட்டையில்தான் வருவேன் என்கிறார். 11 வயது மகள் அட்டைப்பெட்டியை வெட்டி ரோபோ வேஷம் செய்துகொண்டிருக்கிறாள். இதைச் சொன்னதும் எதிர்வீட்டம்மா முகம் மாறிவிட்டது. மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்துப் போட்டு வருகிறவர்கள் நடுவில் இதெல்லாம் வந்தால் எல்லாமே கெட்டுவிடும் என்றார். ஜீன்ஸ் போட்டவனை விடுகிறார்களே, என்னை ஏன் விடக்கூடாது என்று கணவர் கேட்கிறார். வேறு நாட்டிலிருந்து வந்த நாம் அவர்கள் பண்பாட்டைக் கேலி செய்வதுபோல் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். இந்த மாதிரி ரெனசான்ஸ் ஃபேருக்கு ரோபோவாகவோ விண்வெளிக்காரராகவோ போவது யாருடைய பண்பாட்டையும் கேலி செய்வதாகாது, தாராளமாகப் போகலாம். ஆனால் எதிர்வீட்டம்மா கூப்பிட்டிருக்கும் அந்த ஒரு நாள் மட்டும் உங்கள் கணவர் நீலச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும். மகளின் ரோபோ வேறு விஷயம், அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

ஏன் பயப்படவேண்டாம் என்கிறேன் என்றால், இது காலங்காலமாக நடந்துவரும் திருவிழா இல்லை. 1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியையும் அவர் கணவர் ரானும் கேபிஎஃப்கே என்ற வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக ஒரு வார இறுதியில் நடத்திய சந்தைதான் இதற்கெல்லாம் தொடக்கம். அது மக்களுக்குப் பிடித்துப்போய் ஊர் ஊராகப் பரவியது. மின்னசோட்டாவில் 1971, உங்கள் டெக்சஸில் 1974. நானூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் ராணி டெக்சஸில் கால் வைத்ததே இல்லை. ஃபெஸ்டிவல் நடக்கும் டாட் மிஷன் ஊரில் பைன் மரங்களுக்கு நடுவே நிற்கும் அந்தக் கோட்டையும் கொத்தளமும் நம் காலத்து மனிதர்கள் ஆசைப்பட்டுக் கட்டியவை, அங்கே பரம்பரை உரிமை கொண்டாட யாரும் இல்லை. நீங்கள் எவ்வளவு விருந்தாளியோ அவ்வளவுதான் எதிர்வீட்டம்மாவும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பழங்காலத்தை வேஷம் கட்டிப் பார்க்கிறவர்களும் எதிர்காலத்தை வேஷம் கட்டிப் பார்க்கிறவர்களும் அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரே கூட்டம்தான். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண் எதிர்கால மனிதர்களின் உடை என்று இரண்டு உடைகள் தைத்து, ஒன்றைத் தானும் மற்றொன்றை நண்பர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் போட்டுக்கொண்டு போனார்கள். இன்றைக்குக் கதாபாத்திரங்களின் வேஷம் கட்டுவதைக் காஸ்ப்ளே என்கிறோமே, அதற்கு அதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். 1966-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கத்தியும் கேடயமுமாகக் கூடி, இடைக்கால வாழ்க்கையை நடித்துப் பார்க்கும் ஒரு பெரிய சங்கத்துக்கு வித்திட்டவர்களில் பலர் அறிவியல் புனைகதை வாசகர்கள். சங்கத்துக்குப் பெயர் வைத்ததே அந்தத் துறை எழுத்தாளர் ஒருவர்தான். அதே வருஷம் செப்டம்பரில்தான் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. ஆகவே உங்கள் கணவர் அந்நியர் வீட்டுக்குள் நுழையவில்லை.

சரி, அப்படியென்றால் அந்த நாளில் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஜீன்ஸ் பற்றி அவர் சொல்லும் நியாயத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அது பாதி சரி. ஃபேருக்கு ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்டு வருகிறவர்கள் ஏராளம், அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஜீன்ஸில் செப்பு ஆணி அடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1873-இல், அதுவும் ராணி காலத்துக்கு முந்நூறு வருஷம் தள்ளித்தான். அங்கே சுற்றுகிற கடற்கொள்ளையர் உடையில் பெரும்பாலானது 1700-ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்தது, வைகிங்குகளோ ஐந்நூறு வருஷம் முந்தியவர்கள், இறக்கை கட்டிய தேவதைகள் எந்தக் காலத்திலும் இல்லை. காலக்கணக்குப் பார்த்தால் பாதிக் கூட்டத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பவேண்டியிருக்கும். இதுவரை உங்கள் கணவர் பக்கம்தான் நியாயம்.

ஆனால் ஜீன்ஸ் போட்டவர் பார்க்க வந்தவர். அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நடிகர்களும் அவரை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டார் ட்ரெக் சட்டை போட்டவர் வேஷம் கட்டி வந்தவர், நாலு பேர் பார்க்கவேண்டும் என்றுதான் வருகிறார். வேஷம் கட்டிக் கூத்துக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் ஆடித்தான் ஆகவேண்டும், ஓரமாக நின்று நான் வேறு கதை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்த உலகத்தோடு சேர்ந்து விளையாடுகிறாரா, அதை உடைக்கிறாரா என்பதுதான் கேள்வி, எந்த நூற்றாண்டு உடை என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபேரில் கொல்லர் பட்டறை, உலையில் இரும்பு சிவந்துகொண்டிருக்கிறது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம். ஸ்டார் ட்ரெக் நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், தோளில் தொங்கிய, அந்தத் தொடரில் எதையும் அளந்து பார்க்கிற சின்னப் பெட்டியை எடுத்து உலையை நோக்கி நீட்டி முகத்தைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொல்லர் சுத்தியலை நிறுத்தவே இல்லை. “உன் பெட்டி என்ன சொல்லுது தம்பி?” என்கிற தோரணையில் பழைய ஆங்கிலத்தில் கேட்டார். பையன் கொஞ்சமும் யோசிக்காமல், “ரொம்ப சூடுன்னு சொல்லுது ஐயா, தள்ளி நில்லுங்க” என்றான். கொல்லர் இரண்டடி பின்னால் வைத்து, வேலையாளைக் கூப்பிட்டு, தூர தேசத்து வைத்தியர் சொல்கிறார், இன்றைக்கு இந்த உலையை நீயே பார்த்துக்கொள் என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது, அரைமணி நேரமாக அசையாமல் நின்ற என் பக்கத்துக் கிழவர் கைதட்டினார். அந்தப் பையனால் பட்டறைக்கு எந்தக் குறையும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் உயிர்தான் வந்தது.

இன்னொரு ஃபேரில் ராணி ஊர்வலம். மேளம், கொடி, குழந்தைகள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ராணி ஒரு சின்னப் பெண்ணுக்கு வீரப்பட்டம் கட்டப்போகிறார், அந்தக் குழந்தை முட்டி போட்டுக் காத்திருக்கிறது. ஸ்டார் வார்ஸ் படைவீரனின் வெள்ளைக் கவசம் போட்ட ஒருவர், இடுப்பில் கட்டிய ஸ்பீக்கரில் சினிமா இசை அலற, ஊர்வலத்துக்குக் குறுக்கே நடந்து போனார். எல்லா செல்போனும் அவர் பக்கம் திரும்பியது. ராணியாக நடித்த பெண் நிதானமாகக் காத்திருந்து மறுபடி ஆரம்பித்தார், ஆனால் முட்டி போட்டிருந்த குழந்தையும் கவசக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கவசம் அருமையான வேலைப்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தையின் தருணத்தை அவர் எடுத்துக்கொண்டார், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதிர்வீட்டம்மா பயப்படுவது இந்த இரண்டாவது ஆளுக்குத்தான். அவர் பக்கத்தையும் பாருங்கள். அந்தக் காலத்து முறைப்படி ஓர் உடை தைப்பது லேசான காரியம் இல்லை. உள்ளே லினன் சட்டை, அதற்குமேல் விறைப்பாக நிற்கும் ரவிக்கை, அதன் முன்பக்கம் கயிறு கோக்கும் ஓட்டைகள் ஒவ்வொன்றையும் ஊசியால் சுற்றிச் சுற்றித் தைக்கவேண்டும், மிஷினில் அடித்தால் கிட்டப் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். கைகள் தனி, தோளில் நாடாவால் கட்டுவது. இத்தனையும் செய்கிறவர் எதற்காகச் செய்கிறார்? வருஷத்தில் ஒரு நாள், ஏதோ ஒரு திருப்பத்தில், சுற்றிலும் பார்த்தால் கண்ணுக்கு எட்டின வரை இந்தக் காலம் என்று ஒன்று இல்லாத மாதிரி ஒரு சில நிமிஷம் கிடைக்கும், அதற்காகத்தான். அந்த நிமிஷத்தில் தன்கூட வந்தவரே நீலச் சட்டையில் நின்றால் வருத்தம் வராமல் இருக்குமா? வேறு யாரோ போட்டு வந்தால் அவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார், கூடவே நடக்கிறவரிடமிருந்து எப்படித் திருப்புவது.

அதனால் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். எதிர்வீட்டம்மா கூப்பிட்ட நாள் அவருடைய நாள். அன்றைக்குச் சாதாரண உடையில் போகலாம், ஒரு வெள்ளை லினன் சட்டை போதும், ஆசை இருந்தால் அவரிடமே ஒரு தோலாடையோ தொப்பியோ கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், கேட்டால் அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நீங்களே பார்ப்பீர்கள். நீலச் சட்டைக்கு இன்னொரு நாள் இருக்கிறது. உங்கள் ஃபெஸ்டிவல் அக்டோபர், நவம்பர் வார இறுதிகளில் நடக்கிறது, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கருப்பொருள் வைக்கிறார்கள், கற்பனை உலக வேஷங்களுக்கென்றே ஒரு வாரம் பல வருஷமாக இருந்துவருகிறது. வேறு சில ஃபேர்களில் காலப் பயணிகளின் வார இறுதி என்றே ஒன்று உண்டு, அன்றைக்கு டாக்டர் ஹூ என்ற காலப்பயணத் தொடரின் கம்பளிக்கழுத்துப்பட்டியும் ஸ்டார் ட்ரெக் சட்டைகளும் சந்தையெங்கும் நிறைந்திருக்கும். டிக்கெட் எடுக்கும் முன் அந்த வருஷத்து அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது மகளிடம் வருகிறேன். அவள் வேஷத்தை விடவேண்டாம். ரோபோ ரெனசான்ஸ் காலத்தில் இல்லாத பொருள் என்று நினைக்கிறோம், அது தவறு. லியனார்டோ டா வின்சி 1495 வாக்கில் கவசம் போட்ட ஓர் இயந்திர வீரனை வரைந்து வைத்திருந்தார், உள்ளே கப்பிகளும் கயிறுகளும், எழுந்து உட்காரவும் கையை அசைக்கவும் கூடியது. அதைவிட எனக்குப் பிடித்தது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இயந்திரத் துறவி. சுமார் 1560-ஐச் சேர்ந்தது, ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் கடிகாரக்காரர் ஹுவானெலோ துரியானோ செய்தது என்று சொல்வார்கள். ஒன்றேகால் அடி உயரம் இருக்கும். சாவி கொடுத்தால் மேசைமேல் சதுரமாக நடந்து வரும், தலையைத் திருப்பும், கண் உருளும், உதடு ஜெபம் சொல்வதுபோல் அசையும், வலது கையால் நெஞ்சில் அடித்துக்கொள்ளும், இடது கையில் இருக்கும் சிலுவையை உயர்த்தி அவ்வப்போது முத்தமிடும். எலிசபெத் ராணி உயிரோடு இருந்தபோதே ஒரு ரோபோ நடந்துகொண்டிருந்தது என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்தத் துறவியின் வீடியோ கிடைக்கும், காட்டுங்கள்.

காட்டிவிட்டு அவளிடமே கேளுங்கள், உன் ரோபோவுக்குச் சாவி வைக்கலாமா என்று. வெள்ளித்தாள் ஒட்டிய இடத்தில் பித்தளை நிறம் அடித்து, பல்பு இருக்கும் இடத்தில் பல்சக்கரம் வைத்து, முதுகில் ஒரு பெரிய அட்டைச் சாவியைச் சொருகிவிட்டால் அவள் ராணியின் அரண்மனையிலிருந்து நேராக வந்தவள் ஆகிவிடுவாள். அதைப் பார்த்த எந்த நடிகரும் சும்மா போகமாட்டார், சாவியைத் திருக வருவார், அப்போது அவள் என்ன செய்யவேண்டும் என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளட்டும். வேண்டாம், எனக்கு வெள்ளி ரோபோதான் வேண்டும் என்றாள் என்றால் வற்புறுத்தாதீர்கள். 11 வயதுப் பிள்ளை தன் கையால் செய்ததை யார் மனசுக்காகவும் கழற்றச் சொல்லமாட்டேன், எதிர்வீட்டம்மாவும் குழந்தை விஷயத்தில் விட்டுக்கொடுப்பார் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். அக்டோபரிலும் ஹூஸ்டன் பக்கம் வெயில் சுட்டெரிக்கும், பாதையெல்லாம் மண், மழை பெய்தால் சேறு. அட்டைப்பெட்டி நனைந்தால் தொங்கிவிடும், அதனால் விளிம்புகளுக்கு டேப் ஒட்டி, மார்புப் பெட்டியை ஒரே இழுப்பில் கழற்றும்படி தோள்பட்டை வையுங்கள். உட்கார, தண்ணீர் குடிக்க, கழிப்பறை போக முடிகிறதா என்று வீட்டில் ஒருமுறை போட்டு நடக்கவிட்டுப் பாருங்கள். முகத்தை மூடவேண்டாம், கண் மட்டும் தெரிகிற முகமூடிக்குள்ளிருந்து பார்த்தால் காலடியில் ஓடுகிற சின்னக் குழந்தைகள் தெரியாது. கவசம் போட்டு வருகிற பெரியவர்களே கைபிடித்து வழிகாட்ட ஒருவரைக் கூட வைத்துக்கொள்கிறார்கள். ஆயுத விஷயத்தில் ஃபேர்கள் கண்டிப்பாக இருப்பார்கள், கத்தி உறையை விட்டு வராதபடி கட்டியிருக்கவேண்டும், துப்பாக்கி மாதிரி இருக்கிற பொம்மையைக்கூடப் பல இடங்களில் விடமாட்டார்கள். கணவர் தன் நாளில் போகும்போது அந்த விண்வெளித் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு அளக்கிற பெட்டியை மட்டும் எடுத்துப் போகட்டும், அதை வைத்துத்தான் விளையாட முடியும். ஒலி எழுப்புகிற எதையும் அணைத்துவிடட்டும். நடிகர் ஒருவர் அவரைக் கண்டுகொள்ளாமல் போனால் பின்னாலேயே போய்ச் சீண்டக்கூடாது, அவர் வேலையில் இருக்கிறார்.

எதிர்வீட்டம்மாவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், கணவரை அனுப்பவேண்டாம், ஜீன்ஸ் வாதம் மறுபடி ஆரம்பித்துவிடும். அன்றைக்குக் கணவர் சாதாரண உடையில்தான் வருகிறார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டுபோய் அந்த இயந்திரத் துறவியின் வீடியோவைக் காட்டி, இவளுக்குச் சக்கரம் வைத்துத் தைக்க உங்களிடம் பழைய பித்தளைப் பொத்தான் ஏதாவது இருக்குமா என்று கேளுங்கள். தையல் தெரிந்தவர் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கும்.