பழைய டிஸ்க்கைப் போட்டுப் புதுசு எடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, 2008இல் காலேஜ் படிக்கும்போது பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) கேம் மெஷின் வாங்கியதிலிருந்து சேர்த்த கேம்கள் இப்போது 142 இருக்கின்றன. பிஎஸ்2 டிஸ்க் 35, பிஎஸ்3 40, பிஎஸ்4 45, நின்டெண்டோ ஸ்விட்ச் கார்ட் 22. வீடு சின்னது, அடுத்த மாதம் குழந்தை பிறக்கப் போகிறது, அந்த அலமாரி காலியாக வேண்டும். பழைய கேம் வாங்கி விற்கும் கடை ஒன்றில் மொத்தமாக விலை கேட்டேன். ரொக்கமாக வாங்கினால் 24,000, கடையிலேயே பொருள் எடுப்பதாக இருந்தால் 38,000க்குக் கிரெடிட் நோட், ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். கிரெடிட்டை வாங்கி பிஎஸ்5 எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். 14,000 கூடக் கிடைக்கிறதே, சரிதானே?
— அஸ்தம்பட்டி வாசகர், சேலம்

பதில்: தம்பி, முதலில் வாழ்த்துகள், தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிஎஸ்5 வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்த 45 பிஎஸ்4 டிஸ்க்கை எதற்குக் கொடுக்கிறீர்கள்? டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5இல் பிஎஸ்4 கேம்கள் ஏறக்குறைய எல்லாமே ஓடும். அது மட்டுமில்லை, விட்சர் 3, சைபர்பங்க் 2077 மாதிரி சில கேம்களுக்குப் பிஎஸ்4 டிஸ்க் கையில் இருந்தாலே பிஎஸ்5 பதிப்பு இலவசமாகக் கிடைக்கும், விளையாடும்போது டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு அவற்றைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, அதே கிரெடிட்டில் அதே கேமைத் திரும்ப வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் 142ஐ முதலில் 97 ஆக்குங்கள், பிறகு கடைக்காரரிடம் பேசலாம். மாடல் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2020இல் வந்த டிஜிட்டல் எடிஷனில் டிரைவ் கிடையாது, பிற்பாடு வாங்கி மாட்டவும் முடியாது. 2023இல் வந்த ஸ்லிம் மாடலில் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். டிரைவ் இல்லாததை எடுத்தால் உங்கள் 45 டிஸ்க்கும் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

அப்புறம் அந்த 14,000. செவ்வாப்பேட்டையில் பழைய கொலுசைப் போட்டுப் புதுசு எடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வெள்ளிக்கு அன்றைய விலை என்று ஒன்று இருக்கிறது, தராசில் வைத்தால் கடைக்காரர் சொல்லும் கணக்கு சரியா என்று நமக்கே தெரிந்துவிடும். டிஸ்க்குக்குத் தராசு கிடையாது. வாங்கும் விலையும் அவர் சொல்வதுதான், திரும்ப நமக்கு விற்கும் விலையும் அவர் சொல்வதுதான். வெளியே 1,200க்குக் கிடைக்கும் பழைய கேமுக்கு அங்கே 1,500 ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உங்கள் கிரெடிட் ரூபாய்க்கு 80 பைசாதான் மதிப்பு. அந்தக் கணக்கில் 38,000 என்பது 30,400 ஆகிவிடும், 14,000 லாபம் 6,400 ஆகிவிடும். அதுவும் ஆறு மாதத்துக்குள் கடைசி ரூபாய் வரை எடுத்து முடித்தால்தான். கிரெடிட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்படியும் அந்தக் கடையில் வாங்கியிருப்பீர்கள் என்ற பொருளுக்கு, அந்தத் தொகை அளவுக்கு மட்டும் கிரெடிட் வாங்கினால் அது நல்ல பேரம்தான். மிச்சத்துக்கு ரொக்கம் கேளுங்கள். பாதிப் பாதி கொடுக்கமாட்டேன் என்று கடைக்காரர்கள் பொதுவாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்பதில்லை.

இதைவிட முக்கியமானது, அந்தக் கிரெடிட்டில் புது பிஎஸ்5 தருவார்களா என்று வாய்விட்டுக் கேட்டீர்களா? புதுக் கன்சோலில் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் மிகக் குறைவு, அதனால் பல இடங்களில் கிரெடிட் பழைய சரக்குக்கு மட்டும்தான் செல்லும். 'எல்லாம் எடுத்துக்கலாம் சார்' என்று வாயால் சொன்னால் போதாது. கிரெடிட் நோட்டிலேயே எதற்குச் செல்லும், எந்தத் தேதி வரை, கொஞ்சம் எடுத்தால் மிச்சம் என்ன ஆகும் என்று எழுதி, முத்திரை வைத்து வாங்குங்கள்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் பிஎஸ்2வையும் நாற்பது டிஸ்க்கையும் ஒரே பையில் போட்டு ஒரு கடையில் கொடுத்தேன். கொடுத்த சீட்டில் பாதிதான் எடுத்திருந்தேன், நாலாவது மாதம் போனால் ஷட்டர் சாத்தியிருக்கிறது, பக்கத்துக் கடையில் கேட்டால் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். கன்சோலிலேயே செருகியிருந்த 8 எம்பி மெமரி கார்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன், அதில் நானும் என் தம்பியும் இரண்டு கோடை விடுமுறை முழுக்க ஆடிய ஆட்டம் இருந்தது. அது இன்னும் மனசில் இருக்கிறது. அதனால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மெஷினாகப் பாருங்கள். பிஎஸ்2 என்றால் மெமரி கார்டைக் கழற்றி வையுங்கள். பிஎஸ்4 சேவ்களை, அதாவது ஆட்டம் எதுவரை ஆடினோம் என்ற பதிவுகளை, யுஎஸ்பியில் எடுத்து பிஎஸ்5க்குக் கொண்டுபோகலாம். ஸ்விட்சில் சேவ் கார்டில் இருக்காது, மெஷினுக்குள்தான் இருக்கும், எனவே கார்டை மட்டும் விற்றால் உங்கள் ஆட்டம் பத்திரமாக இருக்கும்.

இப்போது மீதி 97ஐப் பார்ப்போம். மொத்த விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு கேமாக எழுதி, பக்கத்தில் ரொக்க விலை, கிரெடிட் விலை என்று இரண்டு கட்டம் போட்டு அவரையே நிரப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு இருபது கேம்தான் மொத்தத் தொகையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டிருக்கும், மற்றதெல்லாம் இருபது, ஐம்பது என்று இருக்கும். அந்த இருபதை நேரில் ஆட்களிடம் தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் ஸ்விட்ச் கார்டுகளில் பல அதில் கண்டிப்பாக இருக்கும். நின்டெண்டோ தன் சொந்தக் கேம்களின் விலையைச் சுலபத்தில் குறைப்பதில்லை, 2025இல் வந்த ஸ்விட்ச் 2இலும் பழைய கார்டுகளில் பெரும்பாலானவை ஓடுகின்றன, அதனால் கேட்க ஆள் இருக்கிறது. வருடா வருடம் வரும் கால்பந்து கேம்களை யோசிக்காமல் கடைக்குத் தள்ளுங்கள், அடுத்த வருடப் பதிப்பு வந்த அன்றே அதன் விலை விழுந்துவிடும்.

பிஎஸ்3 டிஸ்க்தான் எனக்கு மனசு கேட்காத இடம். அவை பிஎஸ்4, பிஎஸ்5 எதிலும் ஓடாது, அதனால் கடையில் விலை குறைவாகத்தான் சொல்வார்கள். ஆனால் உங்கள் பிஎஸ்3 இன்னும் வேலை செய்கிறது என்றால், பிடித்த பத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள். கார், விளையாட்டு கேம்களில் உரிமக் காலம் முடிந்தால் டிஜிட்டல் கடையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். 2018இல் வந்த ஃபோர்ஸா ஹொரைசான் 4 என்ற கார் கேமின் டிஜிட்டல் விற்பனையை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக வாங்க நினைப்பவருக்கு டிஸ்க்தான் வழி. அந்த டிஸ்க்குக்குக் கடையில் நூறு ரூபாய் கொடுத்தால், அந்த நூறு உங்களுக்கு எதற்கு?

அலமாரிதான் பிரச்சினை என்றால், டப்பாக்களை விட்டுவிட்டு டிஸ்க்குகளைப் பையுறை போட்ட ஆல்பத்தில் வையுங்கள், அட்டைத் தாள்களை ஒரு ஃபைலில் மடிக்காமல் வையுங்கள். ஐம்பத்தைந்து டிஸ்க்கும் ஒரு டிராயரில் அடங்கிவிடும். இன்னொன்றும் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த மாதம் ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது, அங்கே கிரெடிட் நோட் செல்லாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தத் தடவை ரொக்கத்தைத்தான் கேட்பேன், பிஎஸ்5ஐ ஆறு மாதம் கழித்து வாங்குவேன்.

கேள்வி: ஏற்காட்டில் தாத்தா வீட்டில் மூன்று வருடமாக அட்டைப் பெட்டியில் இருந்த என் கேம் டிஸ்க்குகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. கடையில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்கிறான் நண்பன்.
— ஏற்காடு வாசகி

பதில்: வேண்டாம்மா, பற்பசையைத் தொடவே வேண்டாம். பிஎஸ்3, பிஎஸ்4 டிஸ்க்குகள் ப்ளூ-ரே வகை, அவற்றில் தகவல் இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. பிஎஸ்2 டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருப்பதால்தான் அதைப் பாலிஷ் போட்டுத் தேற்ற முடிகிறது, ப்ளூ-ரேயில் அந்த வேலை நடக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மூக்குக் கண்ணாடி துடைக்கும் மாதிரி மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பெரும்பாலும் பூஞ்சை மேலாகத்தான் இருக்கும், போய்விடும். படம் அச்சிட்ட பக்கத்தையும் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், சிடி வகை டிஸ்க் என்றால் அந்தப் பக்கக் கீறல்தான் ஆபத்தானது. பூஞ்சை பிடித்த அட்டைத் தாள்களைத் தனியாக எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுத்தமானதற்கும் பரவும்.

இன்னொன்று, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடந்த பெட்டியை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வெயிலுக்குக் கொண்டுவந்த உடனே திறந்தால், குளிர்ந்த டம்ளர் வியர்ப்பது போல டிஸ்க்கிலும் மெஷினிலும் ஈரம் படியும். ஒரு இரவு மூடியே வைத்துவிட்டு மறுநாள் திறங்கள். இனிமேல் ஏற்காட்டில் வைப்பதாக இருந்தால் அட்டைப் பெட்டி வேண்டாம், இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள்.

கேள்வி: என்னிடம் டிஸ்க்கே இல்லை, 60 கேம் டிஜிட்டலாக என் அக்கவுண்டில் இருக்கின்றன. அக்கவுண்டையே வாங்கிக்கொண்டு கிரெடிட் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
— சூரமங்கலம் மாணவர்

பதில்: கூடாது தம்பி. டிஜிட்டலில் உங்களுக்குக் கிடைத்தது விளையாடும் உரிமம், விற்கும் உரிமை இல்லை. அக்கவுண்டைக் கைமாற்றுவதை நிறுவனமே அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் மொத்தமாக முடக்கிவிடுவார்கள். வாங்கியவர் மாட்டினால் உங்களைத்தான் தேடி வருவார். அதில் உங்கள் பெயர், மின்னஞ்சல், ஒருவேளை அப்பாவின் கார்டு எண்ணும் இருக்கும். ஏற்கெனவே அவரிடம் பாஸ்வேர்டு சொல்லிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள், எல்லா மெஷினிலிருந்தும் வெளியேறுங்கள், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள், கார்டு விவரத்தையும் அழித்துவிடுங்கள்.