ஒரு சொட்டு, இரண்டு கோடு: மலிவு விலைப் பரிசோதனைக் கருவிகள் பற்றிக் கேள்வி பதில்

தொற்று நோய்களைக் கண்டுபிடிக்கும் கையடக்கச் சோதனைகளை வடிவமைப்பது என் வேலை. ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பயோடெக் மாணவி): ஒரு சொட்டு விட்டதும் பட்டையில் கோடு எப்படி வருகிறது சார்?

பதில்: காலாவதியான சோதனைப் பட்டை ஒன்று கிடைத்தால் பிளாஸ்டிக் ஓட்டைத் திறந்து பாருங்கள் அம்மா, அதைவிட நல்ல பாடம் இல்லை. உள்ளே நான்கு துண்டுகள், ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் லேசாக ஏறியபடி ஒட்டியிருக்கும். முதல் துண்டு மாதிரியை வாங்கி வடிகட்டும். அடுத்ததில் ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒட்டிய தங்க நுண்துகள்கள் காய்ந்துபோய் இருக்கும். பெரும்பாலும் 40 நானோமீட்டர் அளவு. அந்த அளவில் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். மூன்றாவது நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு. கடைசித் துண்டு ஈரத்தை உறிஞ்சி இழுத்துக்கொண்டே இருக்கும்.

கிருமியின் புரதம் சொட்டில் இருந்தால் முதலில் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சவ்வில் நகர்ந்து, டி (டெஸ்ட்) கோட்டில் காத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடியிடம் மாட்டிக்கொள்ளும். அங்கே தங்கம் குவிந்து கோடாகிறது. பேட்டரி கிடையாது, பம்ப் கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற அதே வேலைதான்.

கேள்வி: தங்கம் போட்டும் எப்படி மலிவு?

பதில்: போடுகிற தங்கம் அவ்வளவு கொஞ்சம். ஆன்டிபாடி, பிளாஸ்டிக் ஓடு, ஈரம் புகாத பை, ஒவ்வொரு தொகுதிக்கும் தரச் சோதனை, இவைதான் காசைத் தின்பவை.

கேள்வி (ஆய்வு மாணவர்): சிவப்பாக இருந்த தங்கக் கரைசல், ஆன்டிபாடி ஊற்றியதும் நீலமாகிவிட்டது. மூன்று முறை செய்தும் இதே கதை.

பதில்: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிட்டன தம்பி. ஆன்டிபாடி எந்தக் கரைசலில் வந்தது என்று பாட்டிலைப் பாருங்கள். உப்பு கலந்த பாஸ்பேட் பஃபர் (அமிலத் தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) என்றால் அதுதான் திருடன். உப்புக் குறைந்த பஃபருக்கு மாற்றிவிட்டுத் தங்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். பி.எச். (அமிலத் தன்மை) அளவை அந்த ஆன்டிபாடியின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளிக்கு, அதாவது அதன் மொத்த மின்னேற்றம் பூஜ்யமாகும் பி.எச். அளவுக்கு, சற்று மேலே வையுங்கள்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. பத்துக் குழாய்களில் ஒரே அளவு தங்கக் கரைசலும், படிப்படியாகக் கூடும் அளவில் ஆன்டிபாடியும் எடுத்து, எல்லாவற்றிலும் 10% உப்புக் கரைசல் விடுங்கள். ஆன்டிபாடி போதாத குழாய்கள் ஊதாவாகி நீலத்துக்குப் போகும். எந்தக் குழாயிலிருந்து சிவப்பு நிலைக்கிறதோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைதான், ஆனால் பலரும் தாண்டிப் போய்விட்டுப் பிறகு மாதக்கணக்கில் தவிப்பார்கள்.

கேள்வி (செவிலியர்): சி (கன்ட்ரோல்) கோடு வந்துவிட்டால் சோதனை சரியாக நடந்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி சகோதரி, இந்த நம்பிக்கையில் நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன். கள ஆய்வில் ஒரு நாள் முழுக்க நெகட்டிவ், எல்லாவற்றிலும் பளிச்சென்று சி கோடு. கோப்பில் குறித்தும் விட்டோம். மறுநாள் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. ரத்தம் எடுக்கும் நுண்குழாயின் நுனி மாதிரி வாங்கும் துண்டில் படவே இல்லை. ரத்தம் குழாய்க்குள்ளேயே தங்கிவிட, மேலே பஃபர் மட்டும் போயிருக்கிறது.

பெரும்பாலான பட்டைகளில் சி கோடு சொல்வது இவ்வளவுதான்: நீர் ஓடியது, தங்கத்தில் ஒட்டிய ஆன்டிபாடி கெடவில்லை. நோயாளியின் ரத்தம் வந்ததா என்று அதற்குத் தெரியாது. வெறும் பஃபரை விட்டாலும் வரும். அதன்பிறகு நாங்கள் நுண்குழாயை விட்டுவிட்டு, தொட்டதும் ரத்தத்தைத் தானே இறக்கிவிடும் சின்ன வளையத்துக்கு மாறினோம். வேதியியலில் ஒரு துளியும் மாற்றவில்லை, பிழை குறைந்துவிட்டது. பஃபர் தீர்ந்தால் தண்ணீரோ வேறு கிட்டின் பஃபரோ விடுகிறவர்களும் உண்டு. பொய்யான டி கோடு வர அது போதும்.

கேள்வி: 95% துல்லியம் என்கிறார்கள், ஆனால் எங்கள் முகாமில் பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோயே இல்லை. கிட் போலியா?

பதில்: அவசியமில்லை. 10,000 பேரில் 100 பேருக்கு நோய் என்று வையுங்கள். நோய் உள்ளவர்களில் 95% பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 95% பேரைச் சரியாக விடும் சோதனை. பிடிபடும் நோயாளிகள் 95. ஆரோக்கியமான 9,900 பேரில் தவறாகப் பிடிபடுபவர்கள் 495. மொத்தப் பாசிட்டிவ் 590, அதில் உண்மையானது ஆறில் ஒன்றுகூட இல்லை. இதே கிட்டை 10,000 பேரில் 3,000 பேருக்கு நோய் உள்ள இடத்தில் வைத்தால், பாசிட்டிவ்களில் 89% உண்மை. கிட் ஒன்றே, கூட்டம்தான் வேறு. அறிகுறி இல்லாதவர்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்கும் முகாம் என்றால், பாசிட்டிவ் வந்தவர்களுக்கு வேறு வகை இரண்டாம் சோதனை கட்டாயம்.

கேள்வி (லேப் டெக்னீஷியன்): நுண்ணோக்கியில் மலேரியா ஒட்டுண்ணி தெரிகிறது, ராபிட் கிட் நெகட்டிவ். எப்படி?

பதில்: பல கிட்கள் தேடுவது ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒட்டுண்ணி மட்டுமே சுரக்கும் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை. வைவாக்ஸ் என்ற வேறு வகை மலேரியா ஒட்டுண்ணி என்றால் அந்தக் கோடு வராது. ஃபால்சிபாரத்திலேயே அந்த மரபணுவை இழந்தவையும் உண்டு. 2010இல் பெரு நாட்டிலிருந்து முதலில் தெரியவந்தது, பிறகு எரித்ரியா போன்ற நாடுகளில் பெரிய தலைவலியாயிற்று. அப்படிப்பட்ட இடங்களில் மலேரியா ஒட்டுண்ணியின் எல்.டி.எச். என்ற நொதியைத் தேடும் கிட்டுக்கு மாறுகிறார்கள்.

இன்னொரு காரணம் விசித்திரமானது. புரதம் அளவுக்கு மீறி இருந்தால் தங்கத்தில் உள்ள ஆன்டிபாடியையும் டி கோட்டில் உள்ள ஆன்டிபாடியையும் தனித்தனியே நிரப்பிவிடும், நடுவில் பாலம் அமையாது. ரத்தத்தை நீர்க்கச் செய்து மறுபடி விட்டால் கோடு வரும். இதற்கு நேரெதிரும் உண்டு: குணமான பிறகும் எச்.ஆர்.பி.2 வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அந்தக் கிட் உதவாது.

கேள்வி (எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்): சூட்டை ஏற்றி இறக்கி டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரம் இல்லாமல், ஒரே சூட்டில் பெருக்கும் லாம்ப் முறையில் சிறு பெட்டி செய்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: 2000இல் ஜப்பானியர்கள் வெளியிட்ட முறை. 60 முதல் 65 டிகிரியில் சீராகச் சூடு காட்டினால் போதும் என்பதால் உங்கள் பெட்டி சுலபமாக முடியும். சிக்கல் குழாய்க்குள். அமிலம் கூடினால் நிறம் மாறும் ஃபீனால் ரெட் சாயம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளாவதைப் பார்ப்பதாக இருந்தால், எச்சில் அமிலமாக இருந்தாலே மஞ்சளாகிவிடும், கிருமி தேவையில்லை. சூடாக்கும் முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுக்க வையுங்கள். அதைவிட முக்கியம், வினை முடிந்த குழாயைத் திறக்கவே கூடாது. உள்ளே கோடிக்கணக்கில் பெருகிய டி.என்.ஏ. மேசையில் பரவினால், அடுத்த வாரம் வெறும் தண்ணீரும் பாசிட்டிவ். மூடி திறக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும் குழாய் வாங்குங்கள்.

கேள்வி: காசநோய்க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் பட்டை செய்யலாமா?

பதில்: வேண்டாம். சந்தையில் இருந்த அந்த வகைச் சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாதென்று 2011இலேயே உலக சுகாதார அமைப்பு சொல்லிவிட்டது. நோயுள்ளவரையும் இல்லாதவரையும் நம்பும்படி பிரிக்கவில்லை.

கேள்வி: 15 நிமிடத்தில் ஒன்றும் இல்லை. இரவு குப்பையில் பார்த்தபோது மெல்லிய கோடு. பாசிட்டிவா?

பதில்: இல்லை. காய்ந்த பட்டையில் அப்படி நிழல் கோடு விழும். சந்தேகம் என்றால் புதிய பட்டையில் புதிய மாதிரி, இந்த முறை கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.